முற்றத்துப் பட்டறை

நூல் எடுத்த கை கருவி எடுத்தல் தகுமோ என்னும் ஐயம் நம் நாட்டில் நேற்று இன்று தோன்றியதன்று. எழுதுகோல் பிடிப்பார் ஒருபுறமும், சுத்தியல் பிடிப்பார் மற்றொருபுறமுமாகப் பிரிந்து நின்று, ஒருவர் தொழிலை மற்றவர் அறியாமலே வாழ்ந்து முடிதல் நம்மிடை வழக்கமாகிவிட்டது. எங்கள் குடும்பமும் இவ்வழக்கிற்கு விலக்கன்று. பாட்டனார் பள்ளி ஆசிரியர். தந்தையார் அலுவலக எழுத்தர். யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கருவிப் பெட்டியோடு வாழும் என் சிறிய தந்தையார் ஒருவரே எங்கள் வீட்டிற் 'படியாதவர்' எனப் பெயர் பெற்றவர். சென்ற கோடை விடுமுறையில் அவரோடு யான் செய்த ஒரு வேலை, அப்பெயர் யாருக்கு உரியது என்னும் வினாவை என்னுள் எழுப்பிற்று. கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முழு வேலையைத் தொடக்கமுதல் இறுதிவரை தம் கையாற் செய்து பார்த்தல் வேண்டும் என்பது இப்பொழுது என் துணிபு. அத்துணிபு பிறந்த வரலாற்றையும் அதற்குரிய காரணங்களையும் நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் மலைவலம் வருவோர் நடக்கும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் மேற்குப் பக்கத்தே அமைந்த சிற்றூர் அது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என வழிவழி வரும் நம்பிக்கை அவ்வூருக்கு ஒரு தனிப்பெருமை. முழுநிலா நாள்களில் எங்கள் வீட்டுத் திண்ணையைக் கடந்து செல்லும் மக்கள்திரள் விடியும்வரை ஓயாது. அத்திண்ணையை ஒட்டிய முற்றத்தில், ஒரு வேப்பமரத்தின் நிழலில், என் பாட்டனார் 1991-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர் வண்டி நின்றுகொண்டிருக்கும்.

அவ்வண்டியின் குலமரபு சிறிது அறியத்தக்கது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942-இல் தோன்றி, பின்னர் வங்காளத்து உத்தரபாராவில் நிலைபெற்றது. ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, 1950-களின் இறுதியில் அம்பாசடர் அங்கே உருவாயிற்று. அமைச்சர்முதல் வாடகை வண்டியோட்டி வரை அனைவரையும் சுமந்து, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. எங்கள் வண்டியில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர்க் கொள்ளளவும் நான்கு உருளைகளும் உடைய பெட்ரோல் எஞ்சின். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின் பூட்டிய அம்பாசடர்களும் வெளிவந்தன. பெயரும் உருவமும் ஒன்றாயினும் இரண்டின் உள்ளமும் வேறு. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும் ஆதலின் ஈண்டுக் குறித்தேன்.

என் பாட்டியை நாங்கள் 'ஆயா' என்றழைப்போம். அவருடைய இதய நோய்க்காக மாதம் ஒருமுறை வேலூர் செல்ல வேண்டும். போக எண்பது கிலோமீட்டர் அளவும், வர எண்பது கிலோமீட்டர் அளவும் அவரைச் சுமந்து வந்தது அந்த வண்டியே. ஒரு நாள் வேலூரிலிருந்து திரும்பிப் போளூரைக் கடந்து வருகையில், குளிர்நீர்க் குழாய் ஒன்று வெடித்தது. சூட்டுமானியின் முள் மேலேறியதைச் சிறிய தந்தையார் கவனிப்பதற்குள் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அடுத்த தெருவில், முப்பது ஆண்டு லாரிப் பட்டறையில் உழைத்து ஓய்ந்த மேஸ்திரி ஒருவர் இருக்கின்றார். அவர் வந்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தது. நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பதற்கு அஃதே சான்று. தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது உருளைக்கட்டிலேயே விரிசல் ஓடியிருந்தது. "இதைப் பற்றவைச்சாலும் நிக்காது. எஞ்சினை இறக்கித்தான் ஆகணும், வேற எஞ்சின்தான் ஏத்தணும்" என்று மேஸ்திரி முடிவு கூறினார்.

அப்போது எங்கள்முன் மூன்று வழிகள் இருந்தன. வண்டியை எடைக்குப் போடுதல் ஒன்று. பட்டறையில் விட்டு மாற்றுதல் ஒன்று. வீட்டு முற்றத்தில் நாங்களே மாற்றுதல் ஒன்று. முதல் வழிக்கு ஆயா இசையவில்லை. இரண்டாம் வழிக்குக் கைப்பொருள் இசையவில்லை. மூன்றாம் வழியைச் சிறிய தந்தையார் மேற்கொண்டார். மேஸ்திரி துணை நிற்பதாக ஒப்பினார். யான் கையாளாக அமர்த்தப்பட்டேன்.

நிற்க. எஞ்சின் தேடிய கதையே இக்கட்டுரையின் உயிர்நிலை ஆதலின், அதனை ஒளியாமற் கூறக் கடமைப்பட்டுள்ளேன். நகரத்துப் பழைய உறுப்புக்கடை ஒன்றில் எங்களுக்கு வேண்டிய எஞ்சினே கிடைத்தது. மறுநாளே எடுத்துக்கொள்ளலாம், விலையோ பிறர் கூறியதிற் பாதி. ஆயின் எண் பொறித்திருக்க வேண்டிய இடம் மட்டும் அரத்தால் அராவி வழவழவென்றிருந்தது. சிறிய தந்தையார் அவ்விடத்தை விரலாற் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே வந்தார். யானோ, "எடுத்துவிடலாம் சித்தப்பா, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆயா அடுத்த மாதம் வேலூர் போக வேண்டுமே" என்றேன். அறநூல் பயிலும் மாணவன் கூறிய சொல் அது! கல்லாதவர் எனப்பட்டவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

வீட்டிற்கு வந்து நிகழ்ந்ததை ஆயாவிடம் கூறினோம். அவர் என்னைச் சினக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. "அந்த வண்டிக்காரன் இப்ப எதுல போறானோ?" என்று மட்டும் கேட்டார். அவ்வினாவிற்கு இன்றளவும் என்னிடம் விடை இல்லை.

செங்கத்தில் ஒருவரிடம், உடல் முழுதும் துருவேறிப் பயனற்றுப்போன அம்பாசடர் ஒன்று இருப்பதாகக் கேள்வியுற்றோம். அதன் எஞ்சின் நன்னிலையில் இருந்தது. எங்கள் எஞ்சினோடு வகையும் அளவும் ஒத்திருந்தது. ஆயினும் அதன் பதிவை முறைப்படி நீக்கி, உரிய தாள்களோடு பெறுவதற்கு மூன்று மாதம் கழிந்தது. அம்மூன்று மாதமும் ஆயா பேருந்திற் சென்றார். இரண்டாம் முறை சென்று மீண்ட அன்று, கால்கள் வீங்கித் திண்ணையிற் சாய்ந்திருந்த அவரைக் கண்டபோது, எங்கள் நேர்மைக்கு விலை கொடுப்பவர் நாங்கள் அல்லர், அவரே என்பது எனக்கு விளங்கிற்று. நேர்மை எளிது என்று கூறுவார் அதன் விலையைத் தாம் செலுத்தாதவரே ஆவர்.

இனிச் சட்டத்தைப்பற்றிச் சில கூறுவேன். வீட்டில் எஞ்சின் மாற்றுவோர் பலர், அது தம் வண்டி, தம் விருப்பம் எனக் கருதுகின்றனர். அது பிழை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் ஆக்கியோன் முதற்கண் வகுத்த அமைப்பிற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என விதிக்கின்றது. ஒப்புதலோடு செய்யும் மாற்றத்தையும் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலர்க்கு அறிவித்துச் சான்றிற் குறிக்கச் செய்தல் வேண்டும். ஆக்கியோன் வகுத்த அமைப்பிற்கு மாறுபட வண்டியைத் திருத்தலாகாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019-ஆம் ஆண்டு சனவரியில் வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டமோ, முறையற்ற மாற்றத்திற்கு உரிமையாளர்க்கு ஆறு மாதம்வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. ஆதலின், எங்கள் பழைய வண்டியில் இசுசு எஞ்சினை ஏற்றினால் விரைவு மிகும் என்று நண்பர் சிலர் கூறியதை நாங்கள் ஏற்கவில்லை. வகை மாறாத எஞ்சினையே தேடினோம். முன்னரே விண்ணப்பித்து இசைவு பெற்றோம். ஏற்றிய பின்னர் அறிவித்தோம்.

இவ்விதிகளை வெறும் தாள்வேலை என்று யானும் முதலில் எள்ளினேன். எண்ணம் மாறியது ஒரு சிறு செயலால். எஞ்சின் எண்ணின்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒற்றி எடுத்துத் தருதல் வழக்கம். அவ்வேலை எனக்குக் கிடைத்தது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவர் கல்வெட்டில் மைப்படி எடுக்கக் கற்றபோது செய்த செயலும் அதுவே அன்றோ! கல்லில் வெட்டிய எழுத்து, நிலம் யாருடையது, கொடை யாருடையது என்பதைக் கூறும். இரும்பில் வெட்டிய எண், வண்டி யாருடையது, உழைப்பு யாருடையது என்பதைக் கூறும். கல்வெட்டைக் கொத்தி அழித்தவனை வரலாற்றின் பகைவன் என்று வகுப்பில் வைகின்றோம். எஞ்சின் எண்ணை அராவியவனிடம் பாதி விலைக்கு வாங்கச் சொன்ன என்னை யாது கூறி வைவது? தாளில் அவ்வெண்கள் ஒவ்வொன்றாக வெண்மையாய் எழுந்தபோது எனக்கு நாணம் மிகுந்தது.

வேலைக்கு வருவோம். ஐந்து நாள்கள் உழைத்தோம். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றினோம். முற்றத்தில் தீப்பொறி எழாமைக்கு அதுவே காவல். பின்னர்க் குளிர்நீரையும் எண்ணெயையும் வடித்தோம். வடித்த பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றலாகாது என்பதில் மேஸ்திரி மிக உறுதியாக இருந்தார். மலைவலப் பாதை நெடுகக் குளங்களும் கேணிகளும் உள்ளன. மண்ணிற் புகுந்த எண்ணெய் அங்குச் சேராமற் போகாது. அதனைத் தகரங்களில் அடைத்துப் பழைய எண்ணெய் பெற உரிமம் உள்ளவரிடம் ஒப்படைத்தோம்.

முகப்பு மூடியையும் ரேடியேட்டரையும் கழற்றி, கம்பி ஒவ்வொன்றிற்கும் குழாய் ஒவ்வொன்றிற்கும் யான் சீட்டெழுதிக் கட்டினேன். போல்ட்டுகளை அவை இருந்த இடத்தின் பெயரெழுதிய டப்பாக்களில் இட்டேன். இதனைக் கண்ட மேஸ்திரி, "முப்பது வருஷத்துல இப்படி யாரும் எழுதிவைச்சதில்ல, தம்பி. எல்லாம் மனசுலதான்" என்று நகைத்தார். ஆயினும் நான்காம் நாள் ஒரு கம்பியின் இடம் அவருக்கே ஐயமானபோது, என் சீட்டைத்தான் தேடினார். எழுத்தறிவும் முற்றத்திற்கு ஏதோ ஒன்று தந்தது என்று யான் உள்ளூர மகிழ்ந்தேன்.

எஞ்சினைத் தூக்குதற்கு வேப்பமரக் கிளையே போதும் என்றார் ஊரார் சிலர். சிறிய தந்தையார் அதற்கு ஒருப்படவில்லை. கிளையின் உள்ளே புழு அரித்திருப்பதை வெளியிலிருந்து எவரும் அறியார். மூவர் நால்வர் கூடியும் தாங்கொணாத இரும்பு அறுந்து விழுமாயின் கீழே நிற்பவன் பிழையான். ஆதலின் தடித்த இரும்புக் குழாய்கள் மூன்றை முக்காலியாக நாட்டி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கை அதில் தொங்கவிட்டோம். தொங்கும் பாரத்தின் கீழ்க் கையோ தலையோ நீட்டலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகலாகாது. உறுதியான முட்டுக்கட்டை வைத்தல் வேண்டும். இவை எங்கள் முற்றத்தின் சட்டங்கள். எஞ்சினைத் தூக்கி அங்குமிங்கும் கொண்டு செல்லவில்லை. நேரே மேலேற்றி நிறுத்தி, வண்டியைப் பின்னே தள்ளினோம். இவ்வெளிய உபாயம் எனக்குப் பெரும் வியப்பளித்தது. அசைக்க அரியதை நிலையாக நிறுத்தி, அசையக்கூடியதை அசைத்தல் வேண்டும் என்பது வாழ்க்கை முழுதிற்கும் பொருந்தும் பாடம்.

புதிய எஞ்சினை ஏற்றிய அன்று என் பிழை ஒன்று நேர்ந்தது. சுழல்சக்கரத்திற்கும் அழுத்தத் தட்டிற்கும் இடையே கிளட்ச்சுத் தட்டு அமையும். கியர்ப்பெட்டியின் தண்டு அதன் நடுத்துளை வழியே நுழைந்து, சுழல்சக்கரத்தின் நடுவே சென்று பொருந்த வேண்டும். தட்டு நூலிழை அளவு விலகினும் தண்டு நுழையாது. இதற்காக ஊர்த் தச்சரிடம் கடைந்து வாங்கிய மரத்தண்டு ஒன்றைத் துளையில் நிறுத்தி, அழுத்தத் தட்டின் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாகச் சுற்றி முறுக்க வேண்டும். யான் விரைவு மிகுதியால், போல்ட்டுகள் இறுகுமுன்னரே அம்மரத்தண்டை உருவிவிட்டேன். உருவியதைச் சொல்லவும் இல்லை. மாலையில் எஞ்சின் கியர்ப்பெட்டியை ஒரு விரற்கடை அளவிற்கு அணுகி, அப்பால் நகர மறுத்தது. இரண்டு மணி நேரம் முயன்றோம். "நான்கு போல்ட்டையும் முறுக்கி இழுத்துவிடலாமே" என்றேன். மேஸ்திரி, "இழுத்தா உடையும். சரியா இருந்தா தானா உக்காரும்" என்றார். அதன்பின்னரே என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஒருவரும் கடியவில்லை. விளக்கொளியில் எஞ்சினை மீண்டும் இறக்கினோம். தட்டை நடுநிறுத்தி மறுநாட் காலை ஏற்றியபோது, அது ஒரு மெல்லிய ஓசையோடு தன் இடத்தில் தானே அமர்ந்தது. தேர்வில் யான் பெற்ற எந்த மதிப்பெண்ணும் அவ்வோசை தந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

கட்டுரையில் ஒரு வாதம் பொருந்தாதபோது சொல்லடுக்கால் இழுத்துக் கட்டிவிடுதல் எனக்குப் பழக்கம். ஆசிரியர் சில வேளை அதனைக் காணாது விடுவர். இரும்பு காணாது விடாது. பொருந்தாததைப் பொருந்திற்றென்று அதனிடம் பொய் கூற இயலாது. கைவேலை தரும் கல்வியின் சிறப்பு இதுவே என்பேன்.

எல்லாம் பூட்டிய பின்னும் உடனே முடுக்கவில்லை. தீப்பொறிக் கம்பியை விலக்கிவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை எஞ்சினை வறிதே சுழற்றினோம். உள்ளுறுப்புகளில் எண்ணெய் பரவாமல் ஓட்டினால் புதிய எஞ்சினும் தேய்ந்து கெடும். அவ்வெஞ்சினின் நான்கு உருளைகளும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் முறையில் எரிவன. அம்முறைப்படி கம்பிகளைச் சரிபார்த்தோம். மூடிய கொட்டிலில் எஞ்சினை ஓட்டினால் நச்சுப்புகை உயிரைக் கொல்லும். எங்களுடையது திறந்த முற்றம். மூன்றாம் முயற்சியில் அது இருமிற்று, பின்னர் மூச்செடுத்தது, பின்னர் ஓடிற்று. ஆயா திண்ணையில் இருந்தபடியே, "இது அவர் வாங்கின வண்டி மாதிரியே சத்தம் போடுது" என்றார்.

தமிழ் மாணவன் என்னும் முறையில் யான் பெற்ற வேறொரு பேற்றையும் கூறுதல் வேண்டும். புதிய பொருள்களுக்குத் தமிழ்ப்பெயர் இல்லையே என்று நாம் மன்றங்களில் வருந்துகின்றோம். முற்றத்தில் யான் கேட்ட சொற்களோ திருப்புளி, குறடு, அரம், ஆப்பு, மரை முதலியன. போல்ட்டின் சுற்றுவரிக்கு 'மரை' என்னும் அழகிய சொல் இருப்பதை, 'மரை கழன்றவன்' என்னும் வசையாக மட்டுமே யான் அறிந்திருந்தேன். எஞ்சினை இறக்குதல், ஏற்றுதல், பூட்டுதல். வண்டி திணறுதல், இருமுதல், மூச்சு வாங்குதல் எனத் தொழிலாளர் வழங்கும் வினைச்சொற்கள் அனைத்தும் செந்தமிழே. பெயர்ச்சொல் கடனாக வந்தது. வினைச்சொல் நம்முடையதாகவே நின்றது. அகராதி தொகுப்போர் பட்டறைகளிற் சென்று அமர்வாராயின் மிக்க பயன் விளையும்.

இத்தகைய முற்றத்துப் பட்டறைகள் நமக்குப் புதியன அல்ல. 1893-இற் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலிற் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப்படிப்பில் நாட்டமற்றவர். ஆங்கில அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவுவிடுதியில் உழைத்துப் பொருள் சேர்த்து, அதனை விலைக்கு வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே பொறியியல் கற்றார். 1920-இற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கினார். 1937-இல் நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்யப்பட்டதில் அவர் பங்கு பெரிது. கடலுக்கு அப்பால், 1990-களில் யாழ்ப்பாணத்திற்குப் பெட்ரோல் தடுக்கப்பட்ட காலத்தே, அங்குள்ள தமிழர் பழைய ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளைச் சில துளி பெட்ரோலால் முடுக்கி, மண்ணெண்ணெயால் ஓட்டி, நோயாளரையும் பொருளையும் கொண்டுசென்றனர். அவ்வரிய அறிவு கல்லூரிப் பட்டத்தால் வந்ததன்று. தேவையும் கைப்பழக்கமும் ஈன்றது.

இன்னும் பின்னோக்கின், ஔவையார் தம் தலைவன் அதியமானின் ஆற்றலை உரைக்கப் புகுந்தபோது, ஒரே நாளில் எட்டுத் தேர் இயற்ற வல்ல தச்சன் ஒருவன் ஒரு திங்கள் முழுதும் எண்ணிச் செய்த சக்கரம் ஒன்றையே உவமையாக எடுத்தார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டு அது. தச்சன் ஒரு நாளில் எத்துணைச் செய்வான், ஒரு திங்கள் உழைத்தால் அவ்வேலை எத்துணைச் சிறக்கும் என்பதைப் பட்டறையோடு பழகாத புலவர் அறிந்திருக்க இயலுமோ? நாம் அவ்வடிகளை மனப்பாடம் செய்கின்றோம்; தச்சனை அறியோம். நசரேத்தூரில் ஒரு தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரை வழிபடும் என்போன்றார்க்கு, இவ்வறியாமை இருமடங்கு குற்றமாகும்.

இனி என் கருத்தை மறுப்பார் கூறுவன சிலவற்றிற்கு விடை இறுப்பேன்.

மின் ஊர்திகள் பெருகிவரும் இந்நாளில் பழைய எஞ்சினை மாற்றக் கற்றுப் பயன் என்னை என்பர் சிலர். எஞ்சின் நாளை மறையலாம். பொறுமையாகக் கழற்றி, முறையாக அடுக்கி, பிழை நேர்ந்துழி ஒப்புக்கொண்டு மீண்டும் தொடங்கும் பழக்கம் மறையாது. யான் அவ்வைந்து நாளிற் கற்றது எஞ்சினை மட்டுமன்று.

வீட்டிலேயே செய்துகொண்டால் தொழிலாளர் பிழைப்புக் கெடுமே என்பர் வேறு சிலர். உண்மை இதற்கு மாறானது. ஒருமுறை தன் கையாற் செய்து பார்த்தவன், அதன்பின் மேஸ்திரியின் கூலியிற் பேரம் பேசான். மேஸ்திரிக்கு நாங்கள் தந்த ஐந்து நாட் கூலியை அவர் முதலில் மறுத்தார். சிறிய தந்தையார் வற்புறுத்திக் கொடுத்தார். அக்கூலி அவ்வறிவிற்குக் குறைவே என்பதை யான் இப்பொழுது அறிவேன்.

அறியாதார் கைவைத்து இடர்ப்படுவரே என்பது மூன்றாம் தடை. இதனை யான் முழுதும் ஒப்புகின்றேன். தனித்து இதனைச் செய்தல் ஒருபோதும் கூடாது. 'தானே செய்தல்' என்பது 'தனியே செய்தல்' அன்று. எங்கள் முற்றத்தில் அறிந்தார் ஒருவர் எப்பொழுதும் உடனிருந்தார். உருளை கடைதல் முதலிய நுண்வேலைகளை உரிய இயந்திரம் உடையாரிடமே விடல் வேண்டும். எல்லையறிந்து நிற்றலும் தொழிலறிவின் ஒரு பகுதியேயாம்.

இறுதியாக, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். கலைப்பிரிவு மாணவர் வாரத்திற்கு ஒரு பிற்பகலேனும் சென்று கருவி பிடித்துப் பழகச் சிறியதொரு பட்டறை அமைத்தல் வேண்டும். பெரும் பொருள் வேண்டா. கழற்றிப் பூட்டப் பழைய எஞ்சின் ஒன்றும், கற்பிக்க ஒரு மேஸ்திரியும் போதும். அம்மேஸ்திரியைப் பேராசிரியர்களோடு ஒப்ப மதித்து அமர்த்துதல் வேண்டும். அவ்வெஞ்சினில் எண் அராவப்படாமல் இருத்தலும் வேண்டும் என்பதை நான் கூறாமலே நண்பர் உணர்வர்.

விடுமுறை முடிந்து யான் கல்லூரிக்குத் திரும்பும் நாளில், சிறிய தந்தையார் ஆயாவை வேலூருக்கு அழைத்துச் சென்றார். போளூர்வரை யானும் அவ்வண்டியிலேயே சென்றேன். என் விரல் நகங்களில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. பேருந்தில் என் அருகில் அமர்ந்தவர் அதனைக் கண்டு, "தம்பி எந்தப் பட்டறையில் வேலை?" என்று வினவினார். முன்னாளில் யான் அவரைத் திருத்தி, கல்லூரி மாணவன் என்று பெருமிதத்தோடு கூறியிருப்பேன். அன்று, "அடி அண்ணாமலையில், எங்கள் சித்தப்பா பட்டறையில்" என்றேன்.